கணக்கில் உனக்கு வேலை உண்டு

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள மச்சானுக்கு,

போன வாரம் ரெண்டே நாள்தான் கப்பலில் கன்டெய்னர் கட்டும் லாஷிங் வேலை கிடைத்தது, மற்ற நாளெல்லாம் காட்டுப்பள்ளித் துறைமுக கேட்டோடு திரும்பினாய் என்று தங்கச்சி போனில் சொன்னாள். அதிலிருந்து இங்கே நடக்கும் ஒரு கூத்தை உனக்கு எழுத நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இங்கே பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, காலை எட்டரைக்கு, வேலைக் கணக்கு வரும். ரயிலில் பாதிப் பேர் போனில் குனிந்திருப்பார்கள். எல்லாம் வட்டிக்காகத்தான். விலைவாசியையும் அடக்க வேண்டும், வேலைவாய்ப்பையும் காக்க வேண்டும் என்று 1977ஆம் ஆண்டுச் சட்டம் இங்கத்திய மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலையில் இரண்டையும் சேர்த்தே ஏற்றியிருக்கிறது. ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் சம்பளத்தைக் கூட்டினால் விலையும் ஏறுமே என்று ஃபெட் வட்டியை இறக்கத் தயங்கும். வேலை குறைந்தால் இறக்கும். கடன் மலிந்தால் தொழிலில் பணம் போடுவார்கள், ஆள் எடுப்பார்கள் என்ற நம்பிக்கை.

2025 ஆகஸ்ட் 1 அன்று, ஜூலையில் கூடிய வேலை 73,000தான் என்றார்கள். மே, ஜூன் மாதங்களுக்கு முன்பு சொன்னதிலும் 2,58,000 வேலைகளைக் கழித்துவிட்டார்கள். கோபம் வந்த டிரம்ப், கணக்கெடுக்கும் துறையின் தலைவரை அன்றைக்கே நீக்கினார். வேலைக் கணக்கு சொன்னவருக்கே வேலை போயிற்று! செப்டம்பர் 17இல் ஃபெட் கால் சதவீதம் வட்டியைக் குறைத்தது. உன்னிடம் மறைப்பானேன், அந்த ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வீட்டுக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றலாமே! அடுத்த வீட்டுக்காரர் வேலை தேடி அலைவது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

நம் ரிசர்வ் வங்கிக்கு 2016இல் வந்த சட்டத் திருத்தப்படி முதல் கடமை விலைவாசி. அதன் ஏற்றத்துக்கு இலக்கு 4 சதவீதம், மேலே கீழே 2 போகலாம். வளர்ச்சியையும் மனதில் வைக்கச் சட்டம் சொல்கிறது. வேலைவாய்ப்பைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. 2025 அக்டோபரில் விலை ஏற்றம் 0.25 சதவீதத்துக்கு இறங்கியது. டிசம்பரில் ரெப்போ வட்டி 5.25 சதவீதம் ஆனது. வட்டிக் குறைப்புக்கு வழிவிட்டது காய்கறி விலை, உன் கேட் பாஸ் இல்லை.

வேலைக் கணக்கு அங்கேயும் 2025 மே முதல் மாதாமாதம் வருகிறது. அதில் உன்னைத் தேடினேன். ஏழு நாளில் ஏதோ ஒரு நாள் ஒருவர் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் வாரக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். நீ ரெண்டு ஷிப்ட் பார்த்தவன் ஆயிற்றே! இங்கேயும் கூலிக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் முழுநேர வேலை கிடைக்காமல் அரைகுறை வேலையில் ஒண்டியிருப்பவர்களைத் தனியாக எண்ணி, மாதாமாதம் பக்கத்திலேயே போடுகிறார்கள். வட்டி பேசும்போது அதையும் பார்க்கிறார்கள்.

நம் பக்கம் கணக்கெடுக்க ஆள் வந்தால், அவர் படிவத்திலும் நாள்வாரியாக எத்தனை மணி நேரம், இன்னும் கிடைத்தால் செய்வாயா என்ற கேள்விகள் உண்டு. திண்ணையில் நாலு பேர் இருக்கிறார்களே என்று கௌரவம் பார்த்து, “வாரம் பூரா வேலைதான் சார்” என்று சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் மச்சான்