காலிங் பெல் பட்டன்தானேடா!

ஈ.சி.இ. மூணாவது வருஷம். டிரான்சிஸ்டரைப் பத்தி 13 மார்க் கேள்விக்கு மூச்சு விடாம எழுதுவேன். ஆனா, ஒரு மதர்போர்டைக் கையால தொட்டது போன மாசம்தான்!

பிராஜெக்ட்டுக்கு சிஸ்டம் தேவைப்பட்டுச்சு. அம்மா சீட்டு எடுத்த 40 ஆயிரத்தைக் கொடுத்தாங்க. மழைக்கு முன்னாடி மொட்டை மாடி விரிசலைப் பூசணும்னு கட்டின சீட்டு அது. அதனால ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒவ்வொரு பில் போடும்போதும் எனக்கு வயித்துல புளி கரைஞ்சுது. கடைக்கார அண்ணன் வேற, "தம்பி, பின் வளைஞ்சா ரிட்டர்ன் கிடையாது"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லி அனுப்பினார். அசெம்பிள் பண்ணித் தர்றேன்னும் சொன்னார். வேணாம்னுட்டேன். காசு மிச்சம்ங்கிறது ஒரு காரணம். நாலு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சுட்டு, நாலு வயர் சொருக ஆள் வெச்சா நல்லாவா இருக்கும்?

வீட்டுல எனக்கு அசிஸ்டென்ட் எங்க அப்பா. வயர்மேன். 230 வோல்ட்டோட தினமும் குடும்பம் நடத்துறவர், 12 வோல்ட் சமாசாரத்தைப் பார்த்து கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தார். "இது என்னடா இத்தினி இத்தினி பின்னு!"

பிராசஸர் ரைசன் 5 5600ஜி. அடியில 1331 பின். பார்த்தாலே கை நடுங்கும். ஆனா உண்மையில இதுதான் ஈஸி பாஸ். சாக்கெட் ஓரத்துல இருக்கிற லிவரைத் தூக்கணும், மூலையில இருக்கிற தங்க முக்கோணத்தை சாக்கெட்ல இருக்கிற முக்கோணத்தோட சேர்த்து சும்மா வைக்கணும். அதுவா உட்காரும். அழுத்தவே கூடாது. ராம் அப்படியே நேர் எதிர்! 'டக்'னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தணும். போர்டே வளையுற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. ரெண்டு ராம் வாங்கினா பக்கத்து பக்கத்துல போடாம, பிராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி 2, 4-வது ஸ்லாட்ல போடணும். அப்பதான் ரெண்டும் ஜோடியா வேலை செய்யும்.

எஸ்.எம்.பி.எஸ்-ல இருந்து வர்ற கேபிள்ல 24 பின் குண்டு கனெக்டர் போர்டுக்கு. நாலும் நாலும் எட்டு பின் வர்றது பிராசஸருக்கு. இதை சொருகாம விட்டா ஃபேன் ஜோரா சுத்தும், ஸ்கிரீன்ல மட்டும் ஒண்ணும் வராது. கிராபிக்ஸ் கார்டுக்குன்னு இன்னொரு எட்டு பின் அசப்புல இதே மாதிரி இருக்கும். ஆனா துளைகள்ல சிலது சதுரம், சிலது மூலை மழுங்கினது. இடம் மாத்தினா உள்ளே போகாது. "நம்ம த்ரீ பின் பிளக் மாதிரிதான்"னு அப்பாவுக்கு அப்பதான் முகம் தெளிஞ்சுது.

கடைசியா வந்தது நிஜமான வில்லன். கேபினட் முன்பக்கத்துல இருந்து வர்ற நூல் மாதிரி வயருங்க. பவர் ஸ்விட்ச், ரீசெட், ரெண்டு எல்.இ.டி. போர்டு மூலையில 9 பின், அதுல எது எதுக்குன்னு எறும்பு சைஸ்ல எழுத்து. செல்போன் டார்ச் அடிச்சு, போர்டு புக்குல இருக்கிற படத்தைப் பார்த்து ஒவ்வொண்ணா போட்டேன். எல்.இ.டி-க்கு பிளஸ், மைனஸ் உண்டு. ஸ்விட்சுக்கு எப்படிப் போட்டாலும் சரி.

பட்டனை அமுக்கினேன். ஒண்ணுமே நடக்கலை!

24 பின்னைப் பார்த்தேன், எட்டு பின்னைப் பார்த்தேன், புக்கைத் திரும்ப விரிச்சேன். எல்லாம் சரி. அம்மா வாசப்படியில நின்னுக்கிட்டு எதுவுமே கேக்கலை. கேட்டிருந்தாகூடப் பரவாயில்லை.

அப்பா எந்திரிச்சுப் போய் மல்டிமீட்டரை எடுத்துட்டு வந்தார். மெயினை ஆஃப் பண்ணச் சொன்னார். பவர் ஸ்விட்ச் வயரை போர்டுல இருந்து உருவி, பஸ்ஸர்ல வெச்சு, "அமுக்குடா"ன்னார். சத்தமில்லை. நாலு தடவை அமுக்கியும் இல்லை. ரீசெட் வயரை வெச்சார். 'பீப்'!

"போர்டு மேல தப்பில்லை. புதுப் பொட்டியில பட்டன் செத்துப் போயிருக்கு. ஏன்டா, இது ரெண்டும் காலிங் பெல் பட்டன்தானே? அமுக்கினா சேரும், விட்டா பிரியும்."

அட, ஆமால்ல! ரீசெட் வயரை எடுத்து பவர் பின்ல சொருகினேன். குட்டி ரீசெட் பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுத்துச்சு. ஸ்கிரீன் மட்டும் கறுப்பாவே இருந்துச்சு. முதல் தடவை ராமை சரிபார்க்க போர்டு கொஞ்ச நேரம் எடுத்துக்கும்னு எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாதே! அந்த அரை நிமிஷம் இருக்கே...

பயாஸ் வந்துச்சு. பிராசஸர் பேரு, 16 ஜி.பி., 38 டிகிரி. அம்மா கிட்ட வந்து பார்த்துட்டு, "படம் எதுவும் வரலையே?"ன்னாங்க.

கேபினட்டைக் கொண்டு வந்தா மாத்தித் தர்றேன்னு கடையில சொன்னாங்க. எல்லாத்தையும் மறுபடி கழட்டணுமே, அப்பா வேணாம்னுட்டார். இப்பவும் ரீசெட்டை அமுக்கித்தான் ஆன் பண்றேன். மாடி விரிசல் அப்படியேதான் இருக்கு. அதனால ஒழுகுற மூலைக்கு எதிர் மூலையில, ஸ்டூல் மேல உட்கார்ந்திருக்கு சிஸ்டம்.