காலனி லாரியும் 'ஒரிஜினல்' தகரமும்

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு ஒரு லாரி கிடைத்தது. ஓடுகிற லாரி இல்லை. ராணிப்பேட்டை பக்கம் ஒரு புளியமரத்தடியில் பல வருடமாக நின்றுகொண்டிருந்த, மூக்கு வைத்த பழைய டாடா 1210. அந்தக் காலனியில் முதன்முதலாகச் சொந்த லாரி வாங்கிய பெரியவருடையது. லோடுமேனாக ஏறி, கிளீனராகி, டிரைவராகி, கடைசியில் கைமாறி வந்த இந்த வண்டிக்கு ஓனரானவர் அவர். அவர் இறந்த பிறகு, நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் அவருடைய மகன் எங்களிடம் வந்தார். "இரும்புக்குப் போட மனசு வரல. நல்லா பண்ணுங்க. பின்னாடி பசங்க உட்கார்ந்து படிக்கட்டும்" என்றார்.

நாங்கள் நான்கு பேர். சமூகவியலில் முதுகலை முடித்தவர்கள் எங்களில் உண்டு. ஸ்பேனர் பிடித்தவர் யாரும் இல்லை. வேலையை ஒப்புக்கொண்ட டிங்கர் பாய் முதல் நாளே கேட்டார்: "ஒரிஜினல் தகரம் தேடறீங்களா, டூப்ளிகேட் போடலாமா, இல்ல இருக்கறதையே தட்டி எடுக்கறதா? இப்பவே சொல்லிடுங்க தம்பி."

நான்கு பேரும் ஒரே குரலில் "ஒரிஜினல்" என்றோம். யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. பழைய பொருள் என்றால் ஒரிஜினலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாய் சிரித்தார். "எதும்மா ஒரிஜினல்?" என்று எங்கள் தோழியைப் பார்த்துக் கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. தேடியபோதுதான் சில விஷயங்கள் தெரிந்தன.

அந்தக் காலத்து மூக்கு லாரியில் கம்பெனி கொடுத்தது சேசிஸ், இன்ஜின், முன்பக்கத்து பானட், மட்கார்டு, கிரில் இவ்வளவுதான். கேபின், கதவு, பின்னால் லோடு ஏற்றும் பாடி எல்லாம் ஊரில் கட்டியவை. நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகள் இதற்குப் பேர்போனவை. மரச் சட்டம் அடித்து, அதன்மேல் தகரம் போர்த்திக் கதவு செய்வார்கள். ஆக, ஒரே லாரியில் இரண்டு ஒரிஜினல். ஒன்று அச்சில் அழுத்தி எடுத்தது. இன்னொன்று ஒரு தச்சரும் ஒரு டிங்கரும் கையால் செய்தது.

அந்தக் கம்பெனி முகமாவது சுத்த சுயம்பா என்றால் அதுவும் இல்லை. 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து டெல்கோ கம்பெனி ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. கிரில்லில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தது. 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. ஜெர்மன் வரைபடத்தை வைத்து இங்கே அடித்த தகரத்தைத்தான் நாம் ஒரிஜினல் என்கிறோம்.

அதற்காக எல்லாத் தகரமும் ஒன்றுதான் என்று சொல்லிவிடவும் முடியாது. சென்னைக்குப் போய் புதுப்பேட்டையில் சுற்றினோம். ஒரு கடையில் டூப்ளிகேட் மட்கார்டு கிடைத்தது. பளபளவென்று இருந்தது. கையில் தூக்கினாலே லேசு. வண்டியில் வைத்துப் பார்த்தால் போல்ட் ஓட்டைகள் அரை விரல் அகலம் தள்ளி நின்றன. வளைவு சரியாக உட்காரவில்லை. இன்னொரு இடத்தில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய 'கம்பெனி ஒரிஜினல்' மட்கார்டு. பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். மேலே ஒட்டியது. கீழே வழுக்கி விழுந்தது. கீழ்ப்பாதி முழுக்கப் பட்டி. அடிபட்டு நசுங்கியதைப் பட்டி பூசி மறைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். "இதுக்கு அந்த டூப்ளிகேட்டே தேவலாம். அது தன்னைப் புதுசுன்னுதான் சொல்லுது" என்றார்.

பழைய வண்டி வேலை பார்க்க நினைக்கும் தோழர்களுக்குப் பாய் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறோம். பெயரை நம்பாதீர்கள், காந்தம் வைத்துப் பாருங்கள். விரலால் தட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். எந்தத் தகரமானாலும் பெயின்ட் அடிக்கும் முன்பு வண்டியில் தளர்வாக மாட்டி, கதவும் பானட்டும் மூடித் திறக்கிறதா என்று பாருங்கள். துரு பிடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுப் புதுத் தகரம் ஒட்டவைக்க முடியும் என்றால், முழுப் பலகையையும் தூக்கி எறியாதீர்கள். வெல்டிங் செய்த இடத்தின் உள்பக்கத்துக்கும் பிரைமர் போகவில்லை என்றால் இரண்டு மழையில் துரு திரும்பி வரும்.

கம்பெனி முன்பக்கத்துக்கு இப்படி வழி கிடைத்தது. இடது மட்கார்டு டூப்ளிகேட். ஓட்டைகளை மாற்றித் துளைத்து உட்காரவைத்தோம். பானட்டைத் தட்டி எடுத்தோம். சிக்கல் வந்தது கதவில்.

கதவின் கீழ்ப்பகுதி அரித்து, விரல் வைத்தால் உதிர்ந்தது. மற்ற லாரிகளைவிட இதில் ஏன் இவ்வளவு துரு என்று கேட்டோம். அண்ணன் சொன்னார்: "அப்பா ஓட்டினது பூரா தோல் லோடு." சென்னை பெரியமேடு மண்டியிலிருந்து ராணிப்பேட்டை டேனரிகளுக்கு உப்புப் போட்ட பச்சைத் தோல். வழியெல்லாம் உப்புத் தண்ணீர் வடியும். பலகை இடுக்கில், ஃபுட்போர்டில், கதவின் அடியில் இறங்கும். தோல் ஏற்றிய வண்டியில் அரிசியோ சர்க்கரையோ ஏற்ற யாரும் வரமாட்டார்கள். வேறு லோடு கிடைக்காததால் மறுபடியும் தோல், மறுபடியும் உப்பு. யார் எந்த லோடு ஏற்ற முடிந்தது என்பது அந்தக் கதவின் அடியில் பதிந்திருந்தது.

இதைக் கேட்டதும் எங்களுக்குள் இருந்த ஆய்வாளர் எழுந்துகொண்டார். துருவை அப்படியே வைப்போம், மேலே வார்னிஷ் மட்டும் அடிப்போம், பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை வைப்போம் என்றோம். உற்சாகமாகத்தான் சொன்னோம். அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்பா ஒருநாளும் கழுவாம வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்ல. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பெயின்ட் அடிப்பாரு. நீங்க அவரைத் துரு புடிச்சவரா நிக்கவைக்கப் பாக்கறீங்க."

அடுத்தது அதைவிடக் கடினமாக இருந்தது. லாரியின் இடப்பக்கத்தில் உரிமையாளர் பெயரும் முகவரியும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வண்டியில் அது இடது கதவில் இருந்தது. பெயர், தெரு, ஊர். நடுவில் ஒரு சொல் அளவுக்குப் பச்சைப் பெயின்ட் தனியாகத் தடித்திருந்தது. சாய்ந்து பார்த்தால் அடியில் எழுத்து மேடாகத் தெரிந்தது: 'காலனி'. பெரியவரே பிரஷ்ஷால் மூடியது. முகவரியைப் படித்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்ட ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

மேல் பெயின்டை மெதுவாகச் சுரண்டி அந்தச் சொல்லை வெளியே கொண்டுவர வேண்டும் என்றோம். அதுதான் ஒரிஜினல், அதுதான் வரலாறு என்றோம். 2025 ஏப்ரல் 29 அன்று, அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததைக்கூட ஆதாரமாகக் காட்டினோம். அரசாங்கத்துக்கு முன்பே இவர் அழித்திருக்கிறார், இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா என்று அண்ணனுக்கே பாடம் எடுத்தோம்.

"தெரியும். அவர் மூடினதை நீங்க ஏன் தோண்டறீங்க? புதுக் கதவு போடுங்க. பேர் மட்டும் எழுதுங்க" என்றார். எழுந்து போய்விட்டார்.

அன்று இரவு எங்களுக்குள் நடந்த பேச்சு நன்றாக இல்லை. அவருக்கு வரலாற்று உணர்வு இல்லை என்று ஒருவர் சொன்னார். அந்த உணர்வு நமக்கு ஏன் எப்போதும் அடுத்தவரின் காயத்தைப் பார்த்தே வருகிறது என்று இன்னொருவர் கேட்டார். ஒரு தகரத்தை ஒரிஜினல், டூப்ளிகேட் என்று பிரிப்பதற்கு முன், எந்த நாளின் ஒரிஜினல் என்று கேட்க வேண்டும். பெயின்டர் 'காலனி' என்று எழுதிய நாளா? பெரியவர் அதை மூடிய நாளா? அந்தக் கதவில் அவர் தன் கையால் செய்த ஒரே வேலை அந்த மூடல்தான். அதைச் சுரண்டினால், அவர் செய்ததை அழித்து, அவர்மேல் எழுதப்பட்டதைக் காப்பாற்றியவர்கள் ஆவோம்.

மறுநாள் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். பாயும் கூட வந்தார். கடைசியில் வழி சொன்னவர் அவர்தான். கதவின் கீழே ஒரு முழம் வெட்டிவிட்டுப் புதுத் தகரம். மேல்பாதி பழையதே. பெயரைப் புதிதாக எழுதலாம். பச்சைத் திட்டை யாரும் தொடவேண்டாம், சுற்றிலும் பெயின்ட் அடிக்கலாம். அண்ணன் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா சரி" என்றார். ஒன்றை மட்டும் கூடுதலாகக் கேட்டார்: வண்டி பளபளவென்று இருக்க வேண்டும்.

இளம் தோழர்களுக்கு இன்னொரு தகவல். 2021இல் ஒன்றிய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டிய, முக்கிய மாற்றங்கள் செய்யப்படாத வாகனங்களுக்குத் தனிப் பதிவு உண்டு. ஆனால் அது இரு சக்கர வண்டிக்கும் சொந்த உபயோகக் காருக்கும்தான். லாரிக்கு இல்லை. ஜமீன்தாரின் கார் பாரம்பரியம், தோல் லாரி காயலான் கடைச் சரக்கு. எந்தச் சட்டமும் இந்த வண்டியைக் காப்பாற்றப் போவதில்லை என்பதால், எதை வைப்பது, எதை மாற்றுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு முழுக்க நம்மிடம் வருகிறது. அந்த 'நம்மிடம்' என்பதில் முதல் குரல் வண்டிக்காரர் வீட்டுடையது. எங்களுக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது.

கேபினில் அந்தக் காலப் பட்டறையின் பெயர்த் தகடு இன்னும் இருக்கிறது. கதவைச் செய்த டிங்கரின் பெயர் எங்கும் இல்லை. அதனால் புதிதாக ஒட்டவைத்த தகரத்தின் உள்பக்கத்தில் பாயின் பெயரையும் அவருடைய உதவிப் பையனின் பெயரையும் வருடத்தையும் பஞ்ச் அடிக்கச் சொன்னோம். நாளைக்கு யாராவது காந்தத்தோடு வந்தால் எது பழையது, எது புதியது, யார் செய்தது என்று தெரிய வேண்டும். பாய் முதலில் கூச்சப்பட்டார். பிறகு பையனின் பெயரைத் தன் பெயருக்கு மேலே அடித்தார்.

இப்போது வண்டியில் தினமும் மாலை பிள்ளைகள் படிக்கிறார்கள். சென்ற வாரம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கதவில் இருந்த பச்சைத் திட்டைத் தொட்டுப் பார்த்து, "இங்க என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள். நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே, பக்கத்தில் நின்ற அண்ணன், "வா, சொல்றேன்" என்று அவளை ஃபுட்போர்டில் உட்காரவைத்தார்.