மச்சினனின் காட்லினும் என் ஜாவாவும்

என் மாமனாருக்குத் திருநெல்வேலியில் ஹார்டுவேர் கடை. பெயின்ட், ஆணி, தாழ்ப்பாள், பி.வி.சி. பைப். எனக்குக் கொஞ்சம் சாஃப்ட்வேர் தெரியும். 'ஆஹா, என்ன பொருத்தம்!' என்று கல்யாணப் பந்தியில் ஒருத்தர் ஜோக் அடித்தார். அந்தப் பொருத்தம் போன மாதம் 8,400 ரூபாயை விழுங்கப் பார்த்தது.

நான் பி.காம். ஜாவா என்பது சாயங்கால வகுப்பில் கற்ற வித்தை. அதை வைத்துக்கொண்டு 2014-ல் கடைக்கு ஒரு ஆண்ட்ராய்டு ஆப் எழுதிக் கொடுத்தேன். யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார், பாக்கி என்ன... அவ்வளவுதான். மாமாவின் சிவப்பு அட்டை நோட்டு செல்போனுக்குள் குடிபோனது. "மாப்பிள்ளை செய்தது" என்று வருகிற கொத்தனார், பெயின்டர் எல்லாரிடமும் காட்டினார். வரதட்சணை வாங்காததற்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

போன வருஷம் மச்சினன் இன்ஜினீயரிங் முடித்து வந்தான். என் கோடைத் திறந்தான். பழைய வீட்டைப் பார்க்க வந்த புரோக்கர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"என்ன அத்தான், இன்னும் ஜாவாவா?"

"ஏம்ப்பா, ஓடுதுல்ல?"

"ஓடுது. மாட்டு வண்டியும்தான் ஓடுது."

அவன் படித்தது காட்லின். ஜாவா 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸிலிருந்து வெளிவந்த அண்ணன். காட்லின் தம்பி. ஜெட்பிரெயின்ஸ் கம்பெனி 2011-ல் அறிவித்து, 2016-ல்தான் முதல் முழு வெளியீடு வந்தது. நான் ஆப் எழுதும்போது தம்பி இன்னும் பிள்ளையார் சுழி தாண்டவில்லை. 2017-ல் கூகுள் 'ஆண்ட்ராய்டுக்கு இதுவும் சரி' என்றது. 2019-ல் 'இதுதான் முதல்' என்று தம்பிக்கே பட்டம் கட்டிவிட்டது. பெயரில் கூட ரெண்டு பேரும் தீவு. ஜாவா நம் மணிமேகலையில் வரும் சாவகம். காட்லின், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் கடலில் கிடக்கிறது.

'முழுசையும் மாத்திடலாம்' என்றான் மச்சினன். 31 ஃபைல்! 'கை வைக்காதே, புதுசாக எழுதுவதை மட்டும் உன் பாஷையில் எழுது' என்றேன். இதில் ஒரு சௌகரியம். ரெண்டையும் ஒரே ஆப்பில் கலக்கலாம். காட்லின் கம்பைலர் முதலில் ஜாவா ஃபைல்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பங்கை முடிக்கும். பிறகு ஜாவா கம்பைலர் வந்து, தம்பி முடித்து வைத்ததைப் பார்த்துக்கொண்டே தன் வேலையைச் செய்யும். கடைசியில் ரெண்டும் ஒரே பைட்கோட். எந்த வரியை யார் எழுதினார் என்பது போனுக்குத் தெரியாது. கூட்டுக் குடும்பம் சார்!

கூட்டுக் குடும்பம் என்றால் முணுமுணுப்பு இல்லாமலா? வரவுக்கு 'இன்' என்றும், பற்றுக்கு 'அவுட்' என்றும் ஜாவாவில் பெயர் வைத்திருந்தேன். காட்லினில் 'இன்' அவர்கள் வீட்டுச் சொந்தச் சொல்லாம், அப்படியே கூப்பிடக் கூடாதாம். இரண்டு பக்கமும் சாய்ந்த மேற்கோள் குறி போட்டால்தான் உள்ளே விடுவார்களாம். 'அவுட்'டுக்கு மட்டும் தடையில்லை. "பாத்தீங்களா அத்தான், வரவுக்குத்தான் கெடுபிடி, செலவு தாராளமாப் போகலாம்" என்றான். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை.

இதெல்லாம் சில்லறை. பெரிய வில்லன் 'நல்' என்று ஒன்று. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள், அதில் நல்லது எதுவும் கிடையாது. 'இங்கே ஒன்றும் இல்லை, காலி' என்று அர்த்தம். 1965-ல் டோனி ஹோர் என்ற பிரிட்டிஷ் மேதை ஒரு கம்ப்யூட்டர் மொழிக்காக உண்டாக்கியது. 2009-ல் அவரே, அது தான் செய்த நூறு கோடி டாலர் தப்பு என்று ஒப்புக்கொண்டார். எண் இருக்கிறது என்று நம்பிக் கையை விட்டால் காலியாக இருக்கும், ஆப் படுத்துவிடும்.

காட்லின் இதில் கறார். ஒரு விஷயம் காலியாக இருக்கக்கூடும் என்றால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டே ஆக வேண்டும். போட்டுவிட்டால், 'காலியாக இருந்தால் என்ன செய்வாய்?' என்று கேட்காமல் விடாது. ஆனால் ஜாவாவிலிருந்து வரும் சரக்குக்கு இந்தச் சோதனை கிடையாது. அண்ணன் வாயைத் திறந்து சொல்லாததால், தம்பி அதற்கு ஒரு ஆச்சரியக்குறி போட்டு 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம், உன் பாடு' என்று விட்டுவிடுகிறான்.

எங்கள் கடையில் கட்டட சைட்டுக்குப் போகிற சரக்கை மாமா இன்னமும் நோட்டில்தான் எழுதுவார். மாசக் கடைசியில் கூட்டி ஆப்பில் ஏற்றுவார். ஏற்றும் வரை 'சைட் பாக்கி' காலி. என் ஜாவா ஸ்கிரீனில் காலி என்றால் 'நோட்டைப் பார்க்கவும்' என்று காட்டும்படி வைத்திருந்தேன். அதை எனக்கு நானே வைத்துக்கொண்டேன், யாருக்கும் எழுதி வைக்கவில்லை.

மச்சினன் காட்லினில் ஒரு பளபளப்பான புது ஸ்கிரீன் செய்தான். முதல் நாள் ஒரு கொத்தனாரின் பெயரைத் தொட்டதும் ஆப் படுத்தது. பையன் அசரவில்லை. 'காலியாக இருந்தால் பூஜ்யம்' என்று ஒரு குறி போட்டான். கேள்விக்குறி, பக்கத்தில் முக்கால் புள்ளி. சாய்த்துப் பார்த்தால் எல்விஸ் பிரெஸ்லியின் தலைமுடி மாதிரி இருப்பதால் அதற்கு எல்விஸ் ஆபரேட்டர் என்றே பெயர். எல்விஸ் வந்தார், ஆப் எழுந்து ஓடியது. எல்லாருக்கும் சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கொத்தனார் கணக்கு முடிக்க வந்தார். அன்று நான் கடையில் இருந்தேன். மாமா போனைப் பார்த்துவிட்டு, "உமக்குப் பாக்கி ஒண்ணுமில்லையே" என்றார்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "இல்லையே அண்ணாச்சி... பைப்பும் சிமென்ட்டுமா எட்டாயிரத்து நானூறு இருக்கணுமே. நோட்டைப் பாருங்க."

நோட்டில் இருந்தது. எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். மாமாவின் முகம் தொங்கிப் போனது. பணம் போகவில்லை, சரி. ஆனால் முப்பது வருஷம் வாய்க்கணக்கிலேயே ஒரு பைசா பிசகாத மனுஷன், வாடிக்கையாளர் சொல்லித் தன் கணக்கைத் தெரிந்துகொண்டார்.

"யாருடா இதுல கைய வச்சது?" என்று மகன்மேல் பாய்ந்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான்...? வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை மரியாதை! ராத்திரி பழைய கோடைத் திறந்து பார்த்ததும் தூக்கம் போச்சு. 'இது காலியாகத் திரும்பலாம்' என்று ஒரே ஒரு அடையாள வார்த்தையை அந்த மெத்தட் தலையில் எழுதியிருந்தால் போதும். அதற்குப் பெயர் 'நல்லபிள்'. 'நல்ல பிள்ளை' என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது இருந்திருந்தால் அவன் தட்டும்போதே சிவப்புக்கோடு விழுந்திருக்கும். அப்போதும் அவன் எல்விஸைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் 'ஏன் அத்தான் இது காலி?' என்று என்னைக் கேட்கவும் ஒரு சந்தர்ப்பம் இருந்திருக்கும்.

இத்தனைக்கும் நான் காமர்ஸ் படித்தவன். பாக்கி பூஜ்யம் என்றால் கணக்கு முடிந்தது, கட்டம் காலி என்றால் கணக்கு இன்னும் எழுதவில்லை. இதைத் தெரிந்த நானே சொல்லாமல் விட்டுவிட்டு, தெரியாத பிள்ளை திட்டு வாங்குவதை வேடிக்கை பார்த்தேன்.

காலையில் மாமாவிடம் போய், "மாமா, தப்பு என்னோடது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நேத்தே சொல்லிருக்கலாமே மாப்ளே" என்றார். கம்பைலர் கூட அப்படி ஒரு எரர் காட்டியதில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து ஜாவாவின் வாசல் முழுக்க 'நல்லபிள்' ஒட்டினேன். மச்சினன் எல்விஸை வெளியே அனுப்பினான். காட்லின் பக்கம் இன்னும் மூன்று இடத்தில் சிவப்புக்கோடு விழுந்தது. மூன்றும் நாளைக்கு வரவிருந்த கொத்தனார்கள்! புது ஸ்கிரீனிலும் இப்போது 'நோட்டைப் பார்க்கவும்' வருகிறது.

ஆபீஸில் பழைய கோடும் புது கோடும் கலந்து மாரடிக்கும் நண்பர்களே, பாஷை ரெண்டாக இருப்பதில் பயமில்லை. ஒன்று இன்னொன்றைக் கூப்பிடும் வாசலில் எது காலியாக வரும் என்று எழுதி வையுங்கள். பழைய பக்கத்தை எழுதியவர்தான் எழுத வேண்டும், அவருக்குத்தான் தெரியும்.

நேற்று மச்சினன் மறுபடி ஆரம்பித்தான். "அத்தான், மிச்ச ஜாவாவையும் மாத்திடலாமா?"

"தாராளமா. முதல்ல அந்த நோட்டைப் பாத்து இந்த மாசச் சைட் கணக்கை ஏத்திடு."

ஆள் இன்னும் கடைப் பக்கம் வரவில்லை.