தொலைநோக்கி வாங்கலையோ, தொலைநோக்கி!

"டெலஸ்கோப் வாங்கப் போகிறேன்" என்று சொன்னதும் வீட்டிலும் வகுப்பிலும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்?" விற்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அட்டைப் பெட்டியின் மேல் சனிக்கிரகத்தின் கலர் படத்தைப் போட்டு, பக்கத்திலேயே "525 மடங்கு!" என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறார்கள். கோள்களைப் பார்ப்பதற்காக டெலஸ்கோப் வாங்க நினைப்பவர்கள் அந்த எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதை மட்டும் படியுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் என் நிலைமை. தெருப் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் கணக்கு டியூஷன் எடுத்ததில் சேர்ந்த பணம் 28,000 ரூபாய். அதில் ஒரு லேப்டாப் வாங்கு என்றார் அம்மா. நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு வேறு ஒரு அவசரம். அப்பத்தாவுக்கு வயது 74. ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. இன்னொரு கண்ணில் புரை எடுத்த பிறகு நன்றாகத் தெரிகிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் எள் தீபம் போடுகிறவர். அவர் கும்பிடும் அந்தச் சனியை ஒரு தடவையாவது நேரில் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. பணம் ஒரு தடவை செலவழிக்கத்தான் இருக்கிறது. அதனால் மதுரையில் எங்கள் மொட்டை மாடிக்கு எது சரிப்படும் என்று ஆறு மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில் இந்த "மடங்கு" விஷயம். டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். 1200 மி.மீ. டெலஸ்கோப்பில் 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 120 மடங்கு. 4 மி.மீ. போட்டால் 300. ஐபீஸை மாற்றி மாற்றி எந்த எண்ணை வேண்டுமானாலும் வரவழைக்கலாம். அதற்கு ஏற்ற விவரம் படத்தில் இருக்க வேண்டுமே?

நம் பஞ்சாங்கக்காரர்கள் ஒரு பாகையை 60 கலையாகவும், ஒரு கலையை 60 விகலையாகவும் பிரிப்பார்கள். நிலவின் அகலம் சுமார் 1,800 விகலை. வியாழன் நமக்கு அருகில் வரும்போது சுமார் 45 விகலை. அப்படியென்றால் வெறும் 40 மடங்கு பெருக்கினாலே, வெறும் கண்ணுக்கு நிலவு தெரிகிற அளவில் வியாழன் தெரிந்துவிடும்! 120 மடங்கில் நிலவைப் போல மூன்று பங்கு அகலம். 2003 ஆகஸ்டில் செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வந்தபோது "செவ்வாய் நிலா சைசில் தெரியும்" என்று ஒரு மின்னஞ்சல் ஊரெல்லாம் சுற்றியது. அதற்குப் பிறகும் பல வருடம் ஆகஸ்ட் வந்தால் அதே கதை தலைகாட்டும். அதன் மூலத்தில் "75 மடங்கு டெலஸ்கோப்பில் பார்த்தால்" என்று ஒரு நிபந்தனை இருந்தது. பரப்பியவர்கள் அதைக் கழற்றிவிட்டார்கள். அந்த நிபந்தனையோடு படித்தால் கணக்கு சரிதான். அன்று செவ்வாய் 25 விகலை. 75-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

ஆக, அளவு ஒரு பிரச்சினையே இல்லை. நுணுக்கம்தான் வேண்டும். அது டெலஸ்கோப்பின் விட்டத்தைப் பொறுத்தது. 116-ஐ மி.மீ.யில் உள்ள விட்டத்தால் வகுத்தால், எத்தனை விகலை இடைவெளி வரை பிரித்துக் காட்டும் என்பது தெரியும். 60 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 2 விகலை. 150 மி.மீ. என்றால் முக்கால் விகலை. பயனுள்ள உருப்பெருக்கத்துக்கும் எல்லை உண்டு: மி.மீ.க்கு 2 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 60 மி.மீ. குழாயை 525-க்குத் தள்ளினால் கிடைப்பது பெரிய, மங்கலான வடை.

இனி குழாய்கள். கடையில் பெரும்பாலும் மூன்று ஜாதிகள் கிடைக்கும்.

ஒன்று, லென்ஸ் வைத்தது. பராமரிப்பு குறைவு, படம் கூர்மை. ஆனால் விலை குறைந்த லென்ஸில் வியாழனைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு விளிம்பு கட்டும். 90 மி.மீ. வரை நீளமான குழாயாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் விலை எகிறிவிடும்.

இரண்டு, மக்சுதோவ். 1941-இல் ரஷ்யாவின் மக்சுதோவ் வடிவமைத்தது. முன்னால் கெட்டியான ஒரு லென்ஸ், பின்னால் கண்ணாடி. குட்டைக் குழாய்க்குள் நீண்ட குவியத் தூரம். கோள்களுக்கு அருமையான சாதனம். என் பட்ஜெட்டில் விட்டம் சிறிதாகத்தான் கிடைத்தது. பனி இறங்கும் இரவுகளில் முன் கண்ணாடி பூத்துப் போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மூன்று, நியூட்டன் வகை. அடியில் ஒரு குழி ஆடி, மேலே சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி. கொடுக்கிற காசுக்கு அதிக விட்டம் கிடைப்பது இதில்தான். நிறப் பிசிறும் கிடையாது. அவ்வப்போது கண்ணாடிகளைச் சரி செய்து ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டு வர வேண்டும். பழகினால் ஐந்து நிமிட வேலை. ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை: குழாய் அரை மீட்டர்தான் இருக்கும், விவரத்தில் குவியத் தூரம் 1000 மி.மீ. என்று போட்டிருக்கும். ஐபீஸ் மாட்டும் இடத்தில் உள்ளே ஒரு லென்ஸை ஒளித்து வைத்து நீட்டியிருப்பார்கள். மலிவான மாடல்களில் கோள்கள் அதில் சோப்பு நுரை மாதிரித் தெரியும்.

நான் தேர்ந்தெடுத்தது 150 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத் தூரம். நீளமான குழாய் என்பதால் நடுவில் வரும் சின்னக் கண்ணாடி அதிகம் மறைக்காது. வியாழனின் பட்டைகள் மாதிரி மெல்லிய நிற வேறுபாடுகள் நன்றாகப் பிரிந்து தெரியும்.

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பலரும் மறந்துவிடுவது, குழாயைத் தாங்கும் மவுண்ட்.

120 மடங்கு பெருக்கும் குழாய், அதன் ஆட்டத்தையும் 120 மடங்கு பெருக்கும். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். குழாயை விரலால் லேசாகத் தட்டிவிட்டு ஐபீஸ் வழியாகப் பாருங்கள். ஓரிரு நொடியில் படம் நின்றுவிட்டால் நல்ல மவுண்ட். ஐந்து நொடி ஆடினால், ஃபோகஸ் திருகைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஐந்து நொடி காத்திருக்க வேண்டும். வகுப்புத் தோழி ஒருத்தியிடம் இப்படி ஒன்று இருக்கிறது. குழாய் நன்றாகவே இருக்கிறது. கால்கள்தான் கொக்குக் கால்கள். காற்றடித்தால் சனி நடனமாடும்.

அடுத்த சிக்கல், பூமி சுற்றுவது. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 10 மி.மீ. ஐபீஸில் 120 மடங்கில் பார்க்கும்போது, ஒரு ஓரத்தில் நுழையும் கோள் மறு ஓரம் வழியாக வெளியேற எனக்கு ஆகும் நேரம் ஒன்றே முக்கால் நிமிடம். இதைச் சமாளிக்கத்தான் ஈக்குவடோரியல் மவுண்ட். அதன் ஒரு அச்சை வான துருவத்தை நோக்கி வைத்துவிட்டால், அந்த ஒரே அச்சைத் திருப்பிக்கொண்டு கோளைப் பின்தொடரலாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரவுன்ஹோஃபர் உருவாக்கிய வடிவம் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

ஆங்கில வழிகாட்டிகள் பலவும் இதைத்தான் சிபாரிசு செய்கின்றன. எழுதியவர்கள் 40, 50 பாகை அட்சரேகையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். மதுரை இருப்பது 10 பாகையில்! துருவ நட்சத்திரம் எங்களுக்குத் தொடுவானத்திலிருந்து பத்தே பாகை உயரத்தில். அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. மவுண்டின் அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்க வேண்டும். சில மவுண்டுகளை அவ்வளவு தாழ்த்தவே முடியாது. தாழ்த்தினாலும் எடைக்குண்டு முக்காலியின் காலில் இடிக்கும். காவலூரில் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் ஈக்குவடோரியல் மவுண்ட்தான். அதன் அச்சும் பன்னிரண்டரை பாகைதான் நிமிர்ந்திருக்கும். ஆனால் அது அந்த இடத்துக்கென்றே கட்டியது. எனக்குக் கிடைப்பதோ எல்லா ஊருக்குமாகச் செய்த ரெடிமேட்.

இதே அட்சரேகை நமக்கு ஒரு வரமும் தருகிறது. 2018-இல் சனி வானத்தின் தென்கோடியில் இருந்தபோது லண்டன்காரர்களுக்கு அது அதிகபட்சம் 16 பாகை உயரம்தான் ஏறியது. மதுரையில் 58 பாகை! கோள் உயர ஏற ஏற, அதன் ஒளி கடந்து வரும் காற்றின் கனம் குறையும், படம் கலங்காது. கோள்களைப் பார்க்க இவ்வளவு வசதியான இடத்தில் இருந்துகொண்டு, குளிர்நாட்டுக்காரர்களின் பட்டியலை அப்படியே பின்பற்ற வேண்டுமா?

அப்போதுதான் ஜான் டாப்சன் பற்றிப் படித்தேன். 1915-இல் பெய்ஜிங்கில் பிறந்த அமெரிக்கர். 1944-இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண இயக்கத்தைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். கையில் காசில்லாமல், கழித்துப் போட்ட கண்ணாடியையும் அட்டைக் குழாயையும் பலகையையும் வைத்தே டெலஸ்கோப் செய்தார். அந்த வேலையே வினையாகி 1967-இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. பிறகு நடைபாதையில் டெலஸ்கோப்பை வைத்து, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு நிலவையும் சனியையும் காட்டினார். 2014-இல் காலமானார். தன் மவுண்டுக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

அது ஒரு பெட்டி. அவ்வளவுதான். பக்கவாட்டில் திரும்பும், மேலும் கீழும் ஆடும். முக்காலி கிடையாது, தரையோடு உட்கார்ந்திருக்கும். தட்டினால் ஒரு நொடியில் அடங்கும்.

பணத்தில் பெரும்பகுதி கண்ணாடிகளுக்கும் இரண்டு ஐபீஸுக்கும் போனது. 8 அங்குல பி.வி.சி. குழாய்க்கு உள்ளே, கரும்பலகைக்கு அடிக்கும் கறுப்புப் பெயிண்ட். பெட்டியை எங்கள் தெரு ஆசாரி அண்ணன் முக்கால் அங்குல பிளைவுட்டில் செய்து கொடுத்தார். சுழலும் இடத்தில் மேல்பலகைக்கு அடியில் சொரசொரப்பான சன்மைக்கா, அதைத் தாங்க மூன்று டெஃப்லான் துண்டுகள். இந்த ஜோடிதான் டாப்சன் மவுண்டின் உயிர். விரலால் தள்ளினால் நகரும், விட்டால் அங்கேயே நிற்கும். "பாப்பா, பேரிங் போட்டா இன்னும் லேசா சுத்துமே?" என்றார் ஆசாரி. அவ்வளவு லேசாகச் சுற்றக் கூடாது அண்ணே என்று விளக்கினேன். வீட்டில் இருந்த கல்லுரலின் குழவியை ஒரு சுற்று சுற்றிக் காட்டியபின் புரிந்துகொண்டார்.

குறையே இல்லையா? இருக்கிறது. நேர் உச்சியில் உள்ளதைப் பின்தொடர்வது கஷ்டம். 2025 கடைசியில் வியாழன் எங்கள் ஊரில் 78 பாகை வரை ஏறியது, அதுவும் வடக்குப் பக்கமாக. அது உச்சிக்கு வரும் முன்போ பின்போ பார்த்துக்கொள்வோம். படம் எடுப்பவர்களுக்கும் இந்தப் பெட்டி சரிப்படாது. மோட்டார் வேண்டும். கண்ணால் பார்ப்பவர்களுக்குத்தான் இது. இன்னொன்று, பகலெல்லாம் வெயிலில் வெந்த மாடித் தளம் நடுராத்திரி வரை அனல் விடும். படம் தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும். குழாயை ஒரு மணி நேரம் முன்பே வெளியில் வைத்து ஆறவிடுங்கள். முடிந்தால் விடிகாலையில் பாருங்கள். சூரியன் பக்கம் மட்டும் மறந்தும் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.

2025 நவம்பரில் மழை விட்ட ஓர் இரவு அப்பத்தாவைக் கைபிடித்து மாடிக்கு ஏற்றினேன். சனி நன்றாக உயரத்தில் இருந்தது. அந்த வருடம் வளையங்கள் நமக்குப் பக்கவாட்டில் திரும்பியிருந்ததால், ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரிந்தன. கோளை ஓரத்தில் நிறுத்திவிட்டு, அவரைக் குனியச் சொன்னேன். கண்ணை இடம் பார்த்து வைக்கவே அவருக்கு முக்கால் நிமிடம் ஆனது. பெட்டி அசையவில்லை. மீதி ஒரு நிமிடம் சனி அவருக்குக் கிடைத்தது.

"மணியில ஊசி கோத்தாப்புல இருக்கே" என்றார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இந்த ஊசி மெல்ல மெல்லத் திறந்து பெரிய வளையமாகும், 2032-இல்தான் முழு அகலத்துக்கு வரும் என்று சொன்னேன். ஒரு சுற்று வர இருபத்தொன்பதரை வருடம் எடுத்துக்கொள்ளும் கோள் அது. அப்பத்தா மனசுக்குள் தன் வயதைக் கூட்டிப் பார்த்திருப்பார் போல. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏத்தா, இந்தப் பலகை அதுவரைக்கும் கரையான் அரிக்காம இருக்குமா?"

மறுநாளே ஆசாரி அண்ணனிடம் போய் வார்னிஷ் அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.