ரயிலடியில் ஒரு குரல்

மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் ராணாகாட் என்றொரு ரயில் சந்திப்பு உள்ளது. 2019ஆம் ஆண்டு ஜூலையில், அதன் நடைமேடையில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்த ராணு மண்டல் என்னும் பெண்மணியை அவ்வழியே வந்த இளைஞர் ஒருவர் செல்பேசியில் பதிந்து முகநூலில் ஏற்றினார். பாடல், 'ஷோர்' (1972) படத்துக்காக லட்சுமிகாந்த் பியாரேலால் இசையில் லதா மங்கேஷ்கரும் முகேஷும் பாடிய 'ஏக் ப்யார் கா நக்மா ஹை'. சில நாட்களில் லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்துவிட்டார்கள். அடுத்த மாதமே தொலைக்காட்சி மேடை. அங்கிருந்து இசையமைப்பாளர் ஹிமேஷ் ரேஷமியாவின் ஒலிப்பதிவுக் கூடம். அவருடைய 'ஹேப்பி ஹார்டி அண்ட் ஹீர்' படத்துக்காக 'தேரி மேரி கஹானி' பதிவானது.

அக்காணொளியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பக்கவாத்தியமில்லை, சுருதிப்பெட்டியும் இல்லை. சுற்றிலும் நிலையத்தின் இரைச்சல். அந்தப் பாட்டு கேட்பதற்கு எளியதுபோல் தோன்றும். பாடிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் நீண்ட சொற்றொடர்கள் மூச்சை எப்படிச் சோதிக்கின்றன என்பது தெரியும். லதா எங்கே குழைகிறாரோ அங்கே இவரும் குழைகிறார். எத்தனை ஆண்டுகள் வானொலியோடு சேர்ந்து பாடியிருந்தால் இது வாய்த்திருக்கும் என்று வியந்தேன்.

ஆனால் நாம் கேட்டது குரலைத்தானா என்ற ஐயம் எனக்கு உண்டு. இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2009 ஏப்ரலில், ஸ்காட்லாந்தின் பிளாக்பர்ன் என்ற சிற்றூரைச் சேர்ந்த சூசன் பாயில் 'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்' நிகழ்ச்சியில் பாடியது யூடியூபில் பரவி உலகத்தையே சுற்றிவந்தது. மேடையில் பாடியபோது அவருக்கு வயது 47. அந்த ஒளித்துண்டில், அவர் வாய் திறப்பதற்கு முன் நெடுநேரம் நமக்குக் காட்டப்படுபவை அரங்கத்தினரின் இளக்காரமான முகங்கள்; பிறகு அதே முகங்கள் வாய் பிளக்கின்றன. சாமர்த்தியமான படத்தொகுப்பு! அவ்வாண்டு நவம்பரில் வந்த அவருடைய முதல் இசைத்தட்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. ஆயின் இதே சூசன் பாயில் 1999இல் ஓர் அறக்கொடைக் குறுந்தட்டுக்காக ஒரு பாடலைப் பதிவு செய்திருந்தார். ஆயிரம் பிரதிகள் போல அடித்தார்கள். அதைக் கேட்டு எவரும் அவரைத் தேடி வரவில்லை. குரல் அதே குரல்தான், சொல்லப்போனால் பத்து வயது இளைய குரல். முகம் இல்லை, அவ்வளவுதான்.

இந்த உடையிலிருந்தும் இந்தத் தலைமுடியிலிருந்தும் இப்படியொரு பாட்டா என்னும் திகைப்பைத்தான் நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். பாராட்டுக்குள்ளே ஒரு சிறு அவமதிப்பும் பொதிந்திருந்தது. அது வெளிவர நாளாகவில்லை. 2019 நவம்பரிலேயே, தன்னைத் தொட்டழைத்த ரசிகை ஒருவரிடம் ராணு மண்டல் கடிந்துகொண்ட காட்சியும், முகப்பூச்சு மிகுந்த ஒரு படமும் பரவின. அப்படம் திருத்தப்பட்டது என்று ஒப்பனைக்காரர் விளக்கமளித்தும் எள்ளல் ஓயவில்லை. நடைமேடையில் இருந்தவரை அவரைத் தெய்வீகம் என்றவர்கள், அவர் கோபப்பட்டதும் அகங்காரம் என்றார்கள். கோபப்பட ஏழைக்கு உரிமையில்லை போலும்.

லதா மங்கேஷ்கர் அப்போது சொன்னதும் சர்ச்சையாயிற்று. தன் பாட்டால் ஒருவருக்கு நன்மை விளைந்தால் அது தன் பேறு, ஆனால் போலச்செய்தல் வெற்றிக்கு நிலைத்த துணையாகாது என்ற பொருளில் அவர் பேசினார். இரக்கமற்ற சொல் என்று பலர் சினந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொடக்கக் காலத்தில் நூர்ஜஹானின் சாயல் படிந்திருந்த குரல் அவருடையது. அதைக் கடந்து வந்தவர் சொன்ன தொழில் நுணுக்கம் அது. ராணு மண்டலை ஒரு பாடகியாக மதித்து, பாட்டைப் பற்றி மட்டும் பேசியவர் அவர் ஒருவரே என்றுகூடச் சொல்வேன்.

இவையெல்லாம் இப்போது நினைவுக்கு வருவதற்கு என் அத்தை காரணம். மன்னார்குடியில் இருக்கிறார், வயது எண்பத்தொன்று. முறையாகக் கற்றவரல்லர், கோயில் உற்சவத்து நாகஸ்வரத்தையும் வானொலியையும் கேட்டே ராகங்களைப் பிடித்துக்கொண்டவர். 1987இல் மாமா எடுத்த ஒலிநாடா ஒன்றில் அவருடைய ஆறு பாடல்கள் உள்ளன. அத்தை மகன் அதைக் கணினிக்கு மாற்றி யூடியூபில் ஏற்றப் போகிறான். கூடவே அத்தை அடுக்களையில் நிற்கும் இன்றைய படமும், 'யாரும் நம்ப முடியாத பாட்டி' என்கிற தலைப்பும் வேண்டுமாம். படமில்லாவிட்டால் ஒருவரும் சொடுக்க மாட்டார்கள் என்கிறான். அவன் சொல்வது உண்மைதான். அதனாலேயே எனக்கு உடன்பாடில்லை. பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் ஆண்டையும் மட்டும் போடு, பத்துப் பேர் கேட்டால் போதும் என்றேன். இருவருக்கும் வாக்குவாதம் முற்றிக் கடைசியில் அத்தையிடமே தொலைபேசியில் கேட்டோம்.

நாடாவை முழுதும் போட்டுக் கேட்டுவிட்டு மறுநாள் அவரே கூப்பிட்டார். "ஏம்ப்பா, மூணாவது பாட்டுல சரணத்துல சுருதி எறங்கிப் போயிருக்கே, அதை மட்டும் எடுத்துட்டுப் போட முடியுமா?" என்றார்.