கிதார் வாத்தியார்

“சொந்தமாக எதையும் சாதிக்க முடியாதவன்தான் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறான்” என்று பேசுவோர் நம்மிடையே உண்டு. மேடையில் புகழ் பெறாதவர் பாட்டு வாத்தியார்; ஆராய்ச்சியில் நுழையாதவர் பள்ளி ஆசிரியர் என்பது அவர்கள் கணக்கு. இக்கணக்கு தவறு என்பதற்கு நான் காட்டும் சான்று, ஜோ சாட்ரியானி என்ற அமெரிக்க ராக் இசைக் கலைஞர்.

ராக் இசை என்றதும் வெறும் இரைச்சல் என்று முகம் சுளிக்க வேண்டாம். நம் இயற்பியல் ஆய்வகத்துச் சுரமானியின் உறவுக்காரன்தான் மின்கிதார். கம்பியின் நீளம் குறைந்தால் அதிர்வெண் கூடும்; இழுவிசை மிகுந்தாலும் கூடும். எஃகுக் கம்பிகளின் கீழே காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய கம்பிச்சுருளும் இருக்கின்றன. கம்பி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. ஃபாரடே 1831இல் கண்ட விதி, பெருக்கியின் வழியே இசையாகி அரங்கை அதிர வைக்கிறது!

சாட்ரியானி 1956இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். கிதார் மேதை ஜிமி ஹெண்டிரிக்ஸ் 1970 செப்டம்பர் 18 அன்று தம் 27ஆம் வயதில் மறைந்தார். அச்செய்தி எட்டியபோது பதினான்கு வயதுச் சாட்ரியானி பள்ளிக் கால்பந்துப் பயிற்சியில் இருந்தார். ‘இனி நான் விளையாட வரமாட்டேன், கிதார் வாசிக்கப் போகிறேன்’ என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு வெளியேறினாராம். இளமையின் வேகம் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் அந்த வேகம் அரை நூற்றாண்டைக் கடந்தும் தணியவில்லை.

சில ஆண்டுகளிலேயே அவர் பிறருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அவரினும் நான்கு வயது இளைய ஸ்டீவ் வாய் என்ற சிறுவன், கம்பி மாட்டாத கிதாரை ஒரு கையிலும் கம்பிப் பொட்டலத்தை மறு கையிலும் ஏந்தி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். கற்பித்துக்கொண்டே கற்கவும் செய்தார் சாட்ரியானி. 1974இல் பார்வையற்ற ஜாஸ் பியானோ மேதை லென்னி டிரிஸ்டானோவிடம் மாணவராக அமர்ந்தார். பின்னர் கலிபோர்னியாவின் பெர்க்லி நகருக்குக் குடிபெயர்ந்து, ஒரு கிதார்க் கடையில் பாடம் நடத்திப் பிழைத்தார்.

இனிதான் வேடிக்கை. மாணவர்கள் முந்திக்கொண்டார்கள்! வாய் 1980இல் பிராங்க் ஜப்பாவின் குழுவில் இடம் பெற்றார். கிர்க் ஹாமெட் 1983இல் மெட்டாலிகா குழுவில் சேர்ந்தார். அவர்களுக்கு விரல் வைக்கச் சொல்லித் தந்தவரை வெளியுலகம் அறியவில்லை. அவருடைய முதல் முழு இசைத்தட்டு 1986இல்தான் வெளிவந்தது. அதற்கான செலவை அவர் சமாளித்தது கடன் அட்டையைக் கொண்டு. இசைத்தட்டு நிறுவனத்தின் கவனத்தை அவர் பக்கம் திருப்பி உதவியவர் பழைய மாணவர் வாய். வாசலில் கம்பியில்லாத கிதாரோடு நின்றவர், குருவுக்கு வாசல் திறந்துவிட்டார்.

1987இல் வந்த ‘சர்ஃபிங் வித் தி ஏலியன்’ பாடலே இல்லாத வாத்திய இசை. ஆயினும் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1988இல் மிக் ஜாகருடன் இசைப் பயணம். 1993 இறுதியில் ரிட்சி பிளாக்மோர் விட்டுச் சென்ற இடத்தில் டீப் பர்ப்பிள் குழுவுடன் மேடை. 1996இல் வாய், எரிக் ஜான்சன் ஆகியோருடன் ‘ஜி3’ என்னும் கூட்டுக் கச்சேரி. 2024இல் குருவும் சீடரும் மீண்டும் இணைந்து அமெரிக்க நகரங்களில் வாசித்தார்கள்.

கற்பித்த ஆண்டுகள் அவருக்கு வீணானவையா? என் சிறு அனுபவத்தைக் கொண்டு பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மாலையில் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு டியூஷன் எடுக்கிறேன். “ஊரார் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தே உன் படிப்பைக் கோட்டை விட்டுடாதே கண்ணு” என்பாள் அம்மா. எம்.எஸ்ஸி.யா, பி.எட்.டா என்று வீட்டில் விவாதம் வேறு.

ஒருநாள் ஏழாம் வகுப்புச் சிறுமி கேட்டாள்: “அண்ணா, மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ஏன் பிளஸ் வருது?” விதி தெரியும்; தேர்வுகளில் ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். காரணத்தை என்னிடம் யாரும் கேட்டதில்லை. இரவெல்லாம் யோசித்து மறுநாள் சொன்னேன்: “ஐந்து ரூபாய்க் கடன் மூன்று இருக்கு. மூன்றையும் தள்ளுபடி செய்துட்டா உனக்குப் பதினைந்து ரூபாய் லாபம்தானே?” அவள் முகம் மலர்ந்தது. அவளுக்கு முன்பே எனக்குப் புரிந்திருந்தது!

‘ஏன்?’ என்று கேட்கும் மாணவன், ஆசிரியர் கற்றதை மீண்டும் ஒருமுறை கற்க வைக்கிறான். அப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பல்லாண்டு பதில் சொன்ன விரல்கள்தாம் பிறகு உலக மேடைகளில் பேசின என்றே நான் எண்ணுகிறேன்.

ஆகவே நண்பர்களே, எம்.எஸ்ஸி.யோ பி.எட்.டோ, எது வாய்த்தாலும் டியூஷனை நான் விடப் போவதில்லை. நாளைய பாடம் பின்னங்கள். ஒரு பின்னத்தை இன்னொன்றால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம்? கட்டாயம் கேட்பாள் அந்தப் பெண். இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.