பாஸ் கொடுத்தவளுக்கு ஒரு கட்டம்

உப்பிலியபுரம், ஜனவரி 13

போகிக்கு வீட்டைக் கழுவி, பழைய பாய்களை வாசலில் போட்டிருந்த நேரத்தில் அவள் வந்து நின்றாள். கூடவே அவள் அம்மா. திருச்சியில் கல்லூரி விடுதியிலிருந்து பொங்கலுக்கு வந்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளியில் என்னிடம் கூடைப்பந்து ஆடியவள். பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு உயரமா என்று ஊர் பேசியபோது, அந்த உயரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது என்று பந்தைக் கையில் கொடுத்தவன் நான். இப்போது இரண்டாம் ஆண்டு பி.காம். கல்லூரி அணியில் பதினொன்றாம் நம்பர் ஜெர்சி.

திண்ணையில் உட்கார்ந்தவள் காபியைத் தொடவில்லை.

"சார், ஆட்டத்த விட்டுடலாம்னு இருக்கேன்."

மெல்ல மெல்லக் கேட்டு வாங்கினேன். "பன்னெண்டு பேர் சார். எல்லாருமே அவங்கவங்க ஸ்கூல்ல டாப் ஸ்கோரர். போன மேட்ச்ல எனக்கு மொத்தமே நாலு ஷாட்டு. ரெண்டு விழுந்துச்சு. எட்டே நிமிஷம், வெளிய எடுத்துட்டாங்க."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இங்க இருந்தப்ப எங்க புள்ளதான சார் எல்லா கோலும் போட்டுச்சு? நீங்க ஒரு எட்டு போயி அந்த சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

போகிறேன் என்றேன். என்ன சொல்வது என்பது பிடிபடவில்லை.

இரவு, எரிக்க எடுத்துவைத்த காகிதக் கட்டில் என் பழைய ஆட்ட நோட்டு கிடைத்தது. அவள் பன்னிரண்டாம் வகுப்பில் ஆடிய கடைசிப் போட்டியின் பக்கம். 41-36 என்று ஜெயித்தோம். அதில் அவள் எடுத்தது 28. அன்று அந்த எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் பக்கத்துக் கட்டங்கள் கண்ணில் பட்டன. நாங்கள் எறிந்த 47 ஷாட்டில் 29 அவளுடையது. மற்ற எல்லோருக்கும் சேர்த்து 18. ஒன்பதாம் நம்பர் பெண் 33 நிமிடம் ஆடியிருக்கிறாள். அவள் பெயருக்கு நேரே ஒரு ஷாட்கூட இல்லை. ரிங்குக்கும் ரிங்குக்கும் நடுவே ஓடியிருக்கிறாள், அவ்வளவுதான். பொதுத்தேர்வு முடிந்து அந்தப் பெண்ணும் திருச்சிக்குத்தான் படிக்கப் போனாள். அப்புறம் பந்தைத் தொடவேயில்லை. படிப்புச் சுமை என்று நினைத்துக்கொண்டேன். அது என் தவறு. கெட்டிக்காரப் பெண் ஒருத்தி கிடைத்ததும் மற்ற நால்வரை அவளுக்குப் பந்து பொறுக்கிக் கொடுக்க வைத்துவிட்டேன். பதினொன்றுக்கும் அதனால் நல்லது நடக்கவில்லை. எல்லாப் பந்தும் தன்னிடம் வரும் என்று பழகிப்போனவளுக்கு, வராத பந்து தண்டனையாகத் தெரிகிறது.

நோட்டை எரிக்கவில்லை.

ஜனவரி 16

பச்சமலைப் பக்கமிருந்து காலையில் நல்ல பனி. எங்கள் கிணறு கூட்டுக் கிணறு. நாலு பங்காளி, ஆளுக்கு ஒரு நாள் முறை. இன்று பெரியண்ணன் முறை. மோட்டார் ரூமில் அவரைக் காணோம். போன் போட்டால், "எனக்குத் தாள் சாஞ்சிருச்சுப்பா, இனிமே தண்ணி விட்டா வெங்காயம் அழுகிப்போவும். உன்னுது இப்பத்தான திரளுது? நீ பாய்ச்சிக்க" என்றார். திருப்பித் தரவேண்டிய கணக்கும் பேசவில்லை.

மடை திருப்பிக்கொண்டே அதை யோசித்தேன். முறை என்பது சண்டை வராமல் இருக்கப் போட்ட ஏற்பாடு. எந்த வயலுக்கு இன்று தண்ணீர் வேண்டும் என்பதைப் பயிர்தான் சொல்கிறது. நான்கு பேருக்கும் நான்கு வயலும் தெரிந்திருப்பதால்தான் எங்கள் கிணற்றில் இது நடக்கிறது. பக்கத்துக் கிணற்றில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அங்கே கடிகாரத்தை வைத்துத்தான் பாய்ச்சுகிறார்கள்.

ஜனவரி 18

இரண்டு நாளாகக் கிணற்று முறையை ஆட்டத்தோடு வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். மொத்தம் 200 நிமிடம். பன்னிரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 16 நிமிடம் 40 விநாடி. பார்க்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஷாட்டை அப்படிப் பிரிக்க முடியாது. பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். அதற்குள் யார் முன்னால் இடம் திறக்கிறது என்பது எதிரணியின் கையிலும் இருக்கிறது.

இந்த ஆட்டம் பிறந்த கதையை மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். 1891 டிசம்பர், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு. ஜேம்ஸ் நைஸ்மித் வகுப்பில் 18 பேர். பீச் பழக் கூடைகளை இரண்டு பக்கமும் மாட்டி, ஒன்பது ஒன்பதாகப் பிரித்து ஆடவிட்டார். ஒருவர்கூட வெளியே உட்காரவில்லை. முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. ஐந்து பேர் ஆட்டம், வெளியே பெஞ்ச் என்பதெல்லாம் பிறகு வந்தவை. 1920-இல் ஹேரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி வழியாகப் பயிற்சி பெற்றுப் போன ஆசிரியர்கள் இந்த விளையாட்டை நம் ஊர்களுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பரம்பரையில் கடைசி வரிசையில் நிற்பவன் நான்.

நிறையத் திறமை ஒரே கூடாரத்தில் சேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு எனக்குத் தெரிந்து பெரிய சோதனை நடந்தது கென்டக்கி பல்கலைக்கழகத்தில், 2014-15 பருவத்தில். பயிற்சியாளர் ஜான் கலிபாரி. அந்த ஆண்டு அவரிடம் இருந்த பையன்களில் பத்துப் பேரை வேறெந்தக் கல்லூரியும் முதல் ஐவரில் போட்டிருக்கும். அவர் இரண்டு ஐவர் அணிகளாகப் பிரித்து, ஒரு கூட்டம் இறங்கி ஆடியதும் அதை மொத்தமாக எடுத்துவிட்டு அடுத்த கூட்டத்தை இறக்கினார். டிசம்பரில் அலெக்ஸ் பாய்த்ரஸ் முழங்காலில் அடிபட்டு விழுந்ததும் அந்த முறை குலைந்தது. ஆனால் பங்கிட்டு ஆடும் பழக்கம் போகவில்லை. தொடர்ந்து 38 ஆட்டம் ஜெயித்து, அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 71-64 என்று தோற்றார்கள். அவ்வளவு ஜெயித்த அணியில் அதிகபட்சமாகப் புள்ளி எடுத்த ஆரோன் ஹாரிசனின் சராசரி வெறும் 11.

அவளுக்குச் சொல்ல வேண்டியது அடுத்த பகுதி. கார்ல் ஆன்டனி டவுன்ஸ் அங்கே ஆட்டத்துக்குச் சுமார் 21 நிமிடம்தான் ஆடினார். அந்தக் கோடையில் அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் தேர்வில் அவரை முதல் ஆளாக எடுத்தார்கள். டெவின் புக்கர் ஒரு ஆட்டத்திலும் முதல் ஐவரில் இறங்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 2017 மார்ச்சில், என்.பி.ஏ.வில் பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 70 புள்ளி எடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்த காலம் அவர் கையைத் துருப்பிடிக்க வைக்கவில்லை.

அமெரிக்காவிலேயே கிரின்னல் கல்லூரியின் கதை வேறு மாதிரி. அவர்களும் ஐந்தைந்து பேராக நிமிடத்துக்கு நிமிடம் மாற்றி ஆடுகிறவர்கள். 2012 நவம்பர் 20 அன்று ஜாக் டெய்லர் என்ற பையன் தனி ஆளாக 138 புள்ளி எடுத்தான். எறிந்தது 108 முறை. உலகமே பேசிற்று. நானும் அன்று வாய் பிளந்தேன். இன்று அந்த எண்ணைப் பார்த்தால் என் ஒன்பதாம் நம்பர் பெண்ணின் வெற்றுக் கட்டம்தான் நினைவுக்கு வருகிறது. ஆளை மாற்றிக்கொண்டே இருந்தாலே பந்து பகிரப்பட்டுவிடாது.

ஜனவரி 22, திருச்சி

துறையூர் போய், அங்கிருந்து மண்ணச்சநல்லூர் வழி பஸ். நம்பர் ஒன் டோல்கேட் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரிந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு மணிக்கு மைதானம் சேர்ந்தேன்.

அவளுடைய கல்லூரிப் பயிற்சியாளர் என்னைவிட இருபது வயது இளையவர். எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். பெண்கள் ஆறுக்கு ஆறாகப் பிரிந்து, பந்தைத் தட்டாமல் பாஸ் மட்டும் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் பந்து பட்ட பிறகுதான் ஷாட். பயிற்சிக்கு அருமையான விதி. போட்டியில் அதையே பிடித்துக்கொண்டு, திறந்து கிடக்கும் ரிங்கை விட்டுவிட்டுப் பாஸ் தேடினால் தப்பு. பாஸ் கொடுப்பதற்காகப் பாஸ் கொடுக்கும் அணியை நான் நம்புவதில்லை.

ஒன்று பிடித்திருந்தது. கூடை போட்ட பெண் பின்னால் ஓடும்போதே, பந்து கொடுத்தவளைப் பார்த்து ஒரு விரல் நீட்டுகிறாள். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்டு பயிற்சியளித்த டீன் ஸ்மித் பரப்பிய பழக்கம் அது. எப்படியோ காவிரிக் கரைக்கு வந்துவிட்டது.

இடைவேளையில் மெதுவாகக் கேட்டேன். "தம்பி, பதினொன்ன எதுக்கு வச்சிருக்கீங்க?"

ஒரு நொடி யோசிக்காமல் சொன்னார். "இடது பக்க போஸ்ட் சார். ரிங்குக்கு முதுகு காட்டி நின்னா அவளுக்கு ரெண்டு பேர் வருவாங்க. அப்ப வெளிய ஒருத்தி ஃப்ரீ. பந்த வெளிய குடுக்கத் தெரிஞ்சா அவதான் இந்த டீமுக்கு அச்சாணி. ரெண்டாவது ஆள் வரலைன்னா அவளே திரும்பிப் போடலாம்."

"இத அவகிட்ட சொன்னீங்களா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன் சார்."

"சொல்லாம எப்படிப்பா தெரியும்? வெளிய கூப்பிடுறப்ப தப்புப் பண்ணிட்டோம்னுதான அது நெனைக்கும்?"

இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். அவர் அவளைத் தனியே அழைத்துப் பத்து நிமிடம் பேசினார். நான் கிட்டே போகவில்லை. இந்த வேலையில் பாதி, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் ஷாட் எது என்று வாயைத் திறந்து சொல்வதுதான் என்று எனக்கே அறுபதைத் தாண்டித்தான் உறைக்கிறது. பன்னிரண்டாவது ஆளுக்கும் அப்படி ஒன்று இருக்க வேண்டும். அவள் ஆடப்போவது மூன்று நிமிடமாகவே இருக்கட்டும், அந்த மூன்று நிமிடத்தில் இந்த இடத்தில் பந்து வந்தால் தயங்காமல் எறி என்று ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 1, திருச்சி

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. ஸ்கோர் மேசைக்குப் பின்னால் இடம் கிடைத்தது. கூடைப்பந்தின் ஸ்கோர் ஷீட்டைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? முதல் ஐவருக்கு ஒரு பெருக்கல் குறியும் அதைச் சுற்றி வட்டமும். மாற்றாக இறங்குகிறவளுக்கு வெறும் பெருக்கல் குறி. ஓடும் புள்ளிக் கணக்கில் கூடைக்கு ஒரு சாய்கோடு, பக்கத்தில் போட்டவளின் நம்பர். மூன்று புள்ளி என்றால் நம்பரைச் சுற்றி வட்டம். ஃப்ரீ த்ரோவுக்குக் கரும்புள்ளி. ஃபவுலுக்கும் டைம் அவுட்டுக்கும்கூடக் கட்டம் உண்டு. பாஸ் கொடுத்தவளுக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. அசிஸ்ட் கணக்கு எடுக்கத் தனியாக ஆளும் தாளும் வேண்டும். நம் கல்லூரிப் போட்டிகளில் அதற்கு யார் இருக்கிறார்கள்?

என் நோட்டில் கோடு போட்டு, 'கொடுத்தவர்' என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். பத்துப் பேர் புள்ளி எடுத்தார்கள். அதிகம் எடுத்தவளுக்கு 12. பதினொன்று 17 நிமிடம் ஆடினாள். இரண்டாம் குவார்ட்டரில் இடது பக்கம் பந்தை வாங்கித் தோளால் திரும்பப் போனாள். இரண்டு பேர் வந்து மூடினார்கள். பழைய பிள்ளையாக இருந்தால் அவர்கள் கைகளுக்கு மேலேயே எறிந்திருப்பாள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, தலைக்கு மேல் தூக்கிய பந்தை அப்படியே மூலைக்கு விட்டாள். அங்கே நின்ற பதினான்காம் நம்பர், பயிற்சியில்கூட அதிகம் பேசாத சின்னப் பெண், மூன்று புள்ளி போட்டாள். திரும்பி ஓடும்போது விரல் நீண்டது. என் நோட்டில் அதைக் குறிக்கும்போது கை நடுங்கியது உண்மை.

கடைசி 9 விநாடி. 58-59. ஐந்தாம் நம்பர் நடுவில் புகுந்தாள், இரண்டு பேர் அவளைத் தடுக்க, இடது பக்கம் பதினொன்று தனியாக. பந்து சரியான கைக்குச் சரியான நேரத்தில் போயிற்று. அவள் தயங்காமல் எறிந்தாள். ரிங்கில் பட்டு இரண்டு சுற்று சுற்றி வெளியே விழுந்தது. எதிரணி ரீபவுண்ட், ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோ. 58-61.

டவலால் முகத்தை மூடியபடி வந்தாள். "சார், அது விழுந்திருக்கணும்."

"விழுந்திருக்கணும்தான். ஆனா அந்த ஷாட் உன்னுதுதான் பாப்பா. மறுபடி அதே மாதிரி வந்தா மறுபடி போடு."

ஐந்தாம் நம்பர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பேச்சு எதுவும் இல்லை.

அம்மாவிடமிருந்து போன். ஸ்பீக்கரில் கேட்டது. "எத்தன கோல் போட்ட?"

"மூணு போட்டேம்மா. அஞ்சு குடுத்தேன்."

"குடுத்தியா? யாருக்கு?"

அவள் சொல்லத் தொடங்கினாள். நம்பர் நம்பராக, யார் எங்கே நின்றாள் என்பது வரைக்கும்.

உப்பிலியபுரம், பிப்ரவரி 3

ஒன்பதாம் நம்பர் பெண்ணின் அப்பாவைச் சந்தையில் பார்த்தேன். நன்றாகப் படிக்கிறாளாம். லீவுக்கு வந்தால் என்னை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் நான் சொல்லவேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது.

பள்ளிகளில் இப்போது பயிற்சி தரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதும்போது தாளில் ஒரு கோடு கூடுதலாகப் போடுங்கள். யார் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். ஆட்டம் முடிந்ததும் முதலில் அந்தக் கட்டத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.